பத்து எட்டான நாள்

புதுக்கடை சந்திப்பில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஆபீஸ். 2009 வாக்கில் சுற்றுவட்டாரத்து வீடுகளுக்குக் கேபிள் வழியாக இன்டர்நெட் கொடுத்துக்கொண்டிருந்தோம். கம்ப்யூட்டர் வேலை முழுக்க நானும், களியக்காவிளையிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழியும்தான். ஒவ்வொரு வீட்டுக்கும் புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களில் ஒரு ஐ.பி. முகவரி. எந்த எண்ணும் 255-ஐத் தாண்டவில்லையே என்று சரிபார்த்து, நான்கையும் ஒரே நீள எண்ணாக மாற்றிச் சேமிக்க இருவருமாக ஷெல் ஸ்கிரிப்ட் என்னும் ஒரு சின்னக் கட்டளை நிரல் எழுதியிருந்தோம். அது ஓடிய அன்று டீக்கடையில் பழம்பொரி வாங்கித் தின்று கொண்டாடினோம்.

குளச்சலில் ஒரு அக்காவுக்குப் புதிதாக லைன் கொடுத்தோம். கணவர் கல்ஃபில். அவர் போனபின் பிறந்த குழந்தையை இன்னும் பார்த்ததில்லை. ஆனால் நெட் வரவில்லை. நான் நேரில் போனேன்.

"வெள்ளிக்கிழமைதான் அவியளுக்கு லீவு. அங்க கம்ப்யூட்டருக்க முன்னால காத்திருக்காவ மக்கா," என்றார் அக்கா, குழந்தைக்குப் புதுச் சட்டை மாட்டியபடி.

வயர், மோடம் எல்லாம் சரியாக இருந்தன. ஆபீசிலிருந்த தோழியைச் செல்போனில் அழைத்து, அந்த வீட்டுக்குச் சேமித்த எண்ணைத் திரும்ப நான்காகப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன்.

"ஏட்டி, கடைசி நம்பர் எட்டுன்னு கிடக்கு!"

"நாம பத்துல்லா குடுத்தோம்?"

கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "பன்னெண்டு போட்டா பத்துன்னு வருது. முன்னால நிக்க சைபர்தான் பிரச்சினை!"

பட்டியல் ஒழுங்காகத் தெரியட்டும் என்று அந்த வாரம்தான் முதலாளி எல்லா எண்களையும் மூன்று இலக்கமாக எழுதச் சொல்லியிருந்தார். பத்து, 010 ஆகிவிட்டது. முன்னால் பூஜ்யம் வந்தால் ஷெல் பத்து பத்தாக இல்லாமல் எட்டு எட்டாக எண்ணும். அதன் கணக்கில் 010 என்றால் எட்டு. எட்டும் 255-க்குள்தானே, சரிபார்ப்பும் விட்டுவிட்டது. முகவரி தப்பானதால் அக்கா வீட்டுக்கு நெட் போகவில்லை.

முன்பூஜ்யத்தை நீக்க ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து, தோழி முகவரியை மறுபடி ஏற்றினாள். சற்று நேரத்தில் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் திரையில் கட்டம் கட்டமாக ஒரு முகம் தெளிந்தது. அக்கா குழந்தையைத் தூக்கிக் காட்டினார். கணவர் கையைத் திரையருகே கொண்டுவந்தார்.

இப்போது எனக்குப் பெரிய நகரத்தில், ஆயிரக்கணக்கான முகவரிகளோடு வேலை. அவற்றின் மறுமுனையில் இருப்பவர் முகம் தெரிவதில்லை.

அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டு திரையிலிருந்து அவர் கேட்டார்: "பின்னால நிக்கது யாரு?"

"லைன் சரியாக்க வந்த பிள்ள."

இன்னும் வைக்காத செல்போனில், என் காதில் தோழியின் குரல்: "நானும் உண்டுன்னு சொல்லுட்டி!"

சொன்னேன்.