அண்ணாந்து பார்த்த பாரிஸ்

மொன்றியல் மெற்றோவுக்கென்று ஒரு மணம் உண்டு. சூடேறிய ரப்பர், கருகிய எண்ணெய், நனைந்த கோட்டுகள், யாரோ உரித்துப் போட்ட தோடம்பழத் தோல். எல்லாம் கலந்து, சுரங்கத்தின் வாய்க்குள்ளிருந்து ரயிலுக்கு முன்னே ஒரு காற்று ஓடிவரும். எத்தனையோ வருடங்களாக அதைச் சுவாசிக்கிறேன். ஆனாலும் அது எனக்கு இந்த ஊரின் மணம் அல்ல. இதே ரப்பர்ச் சக்கர ரயில்கள் பாரிசிலும் ஓடுகின்றன. அந்தக் காற்று முகத்தில் பட்டதும் எனக்குப் பத்து வயதாகிவிடும். சித்தப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, படியேறி, கண் கூசும் வெளிச்சத்துக்குள் வந்துகொண்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்தம் அது. நாங்கள் மொன்றியலின் புறநகரான பியர்பொன்ட்ஸில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்றில் வேலை. அம்மாவுக்குக் கனடாப் பாஸ்போட் கிடைத்ததும் செய்த முதல் காரியம், பாரிசிலிருந்த தன் தங்கையைப் பார்க்க ரிக்கற் போட்டதுதான். யாழ்ப்பாணத்தில் பிரிந்த பிறகு இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை.

எனக்கோ பாரிஸ் என்றால் சின்னம்மா அல்ல, ஈபிள் கோபுரம். வகுப்பு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டேன். ரீச்சர்கூட, உச்சியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லவேண்டும் என்று கேட்டிருந்தார். மிராபெல் விமான நிலையத்துக்கு வழியனுப்ப வந்த அப்பா, ப்ளேனுக்குள் குளிரும் என்று தன் சிவப்புக் குளிர்ச்சட்டையைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். நெஞ்சில் பெரிய வெள்ளை மேப்பிள் இலை போட்ட சட்டை.

சின்னம்மாவின் வீடு நகரத்தின் வடக்கில், லிப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தது. அக்காவும் தங்கையும் வாசலில் கட்டிப்பிடித்து அழுதார்கள். பிறகு குசினிக்குள் போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் வெளியே வந்ததெல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போகத்தான். ஒரு வீட்டுக்குப் போய் இன்னொரு வீட்டை விட்டால் அது சாகும்வரைக்கும் தீராத கோபமாகிவிடும் என்பது எங்கள் ஆட்களின் சட்டம். எனவே உலகம் புகழும் அந்த நகரத்தை நான் வீட்டு ஹோல் ஹோலாகச் சுற்றிப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் மிக்சர். எல்லா வீட்டிலும் சோடா. எல்லா வீட்டிலும் யாரோ பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்கு வீடியோ. "கனடாவிலை சரியான குளிராமே?" என்று எல்லா வீட்டிலும் கேட்டார்கள். ஜன்னலால் எட்டிப் பார்த்தால் எதிர்வீட்டு ஜன்னல் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் நான் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து அழத் தொடங்கினேன். இன்னும் இரண்டு வீடுகள் மிச்சம் இருப்பதாக அம்மா சொன்னா. அந்த நேரம் சின்னம்மாவின் புருஷன், என் சித்தப்பா, வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். உணவகம் ஒன்றின் குசினியில் கோப்பை கழுவுகிற, மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். சப்பாத்துக்குள் ஒரு காலை விட்டபடியே சொன்னார்:

"நாளைக்கு எனக்கு லீவு. பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன்."

குசினியில் கரண்டிச் சத்தம் நின்றது. சின்னம்மா வெளியே வந்தா.

"உங்களுக்கென்ன விசரே?"

பெரியவர்கள் மூவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று, நான் வளர்ந்து கலியாணமும் கட்டிய பிறகுதான் அம்மா சொன்னா. சின்னம்மாவின் அகதி வழக்கு அப்போதும் இழுபட்டுக்கொண்டிருந்தது. சித்தப்பாவின் வழக்கோ முடிந்துபோயிருந்தது, நிராகரித்துவிட்டார்கள். தெருவில் ஒரு பொலிஸ்காரன் மறித்துக் கடதாசி கேட்டால் போதும், கொழும்புக்கு ப்ளேன் ஏற்றிவிடுவார்கள். கொழும்பில் அவரைத் தேடி யார் வருவார்கள் என்பது அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். ஆகவே வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகிற ஒரே வழிதான் அவருடைய பாரிஸ். கோபுரத்தடியிலோ, குண்டுப் பயத்தால், அந்த வருடம் துவக்கோடு பொலிஸ் நின்றது. இதொன்றும் தெரியாமல் நான் கதவுக்கு வெளியே விக்கி விக்கி அழுது, என் வழக்கை வென்றேன்.

ஞாயிறு காலை சித்தப்பா அப்பாவின் சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றார். மேப்பிள் இலை அவர் நெஞ்சைத் தாண்டி அக்குள்வரை போயிருந்தது. கழுத்தில் அம்மாவின் கமரா, கையில் நகரத்தின் வரைபடம்.

"கனடாக்காரர் வாறார், வழி விடுங்கோ" என்றா அம்மா. சின்னம்மா சிரிக்கத் தொடங்கி, பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டா.

"குனிஞ்சுகொண்டு கெதியாய்ப் போறவனைத்தான் அவங்கள் பாக்கிறது" என்று சித்தப்பா சின்னம்மாவின் முதுகுக்குச் சமாதானம் சொன்னார். "வாயைப் பிளந்துகொண்டு மெல்லமாப் போறவனை ஒருத்தரும் மறிக்கிறேல்லை." பிறகு என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, இண்டைக்கு நாங்கள் ரண்டு பேரும் உல்லாசப் பயணிகள். அண்ணாந்து பாத்துக்கொண்டுதான் நடக்கவேணும். சரியோ?"

எனக்கு அது ஒரு விளையாட்டு. மெற்றோவை விட்டுப் படியேறியதிலிருந்து நான் நிலத்தைப் பார்க்கவேயில்லை. நிலத்தைப் பார்க்காதவர்களுக்கென்றே யாரோ அந்த நகரத்தைக் கட்டியிருந்தார்கள். கூரை விளிம்புகளுக்குக் கீழே கல் முகங்கள், ஒன்று சிரித்தது, ஒன்று நாக்கை நீட்டியது. பால்கனிகளின் இரும்புக் கொடிகளில் உண்மையான கொடிகள் ஏறியிருந்தன. பாலத்துத் தூணின் உச்சியில் பொன்குதிரைகள், இன்னும் ஒரு அடி வைத்தால் ஆற்றுக்குள் பாய்ந்துவிடும் போல. முகில் நகர்ந்தபோது, முகில் நிற்பது போலவும் கட்டடங்கள் நகர்வது போலவும் இருந்தது. சித்தப்பா ஒரு விளக்குக் கம்பத்தில் மோதி, கம்பத்துக்குப் பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டார். "பாத்தியே, எவ்வளவு வடிவா நடிக்கிறன்" என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டு.

கோபுரத்தடிக்கு வந்தபோது அவர் நடிப்பதை நிறுத்தியிருந்தார். நாலு கால்களுக்கும் நடுவில் நின்று, அந்த இரும்புப் பின்னலுக்குள்ளால் வானத்தைப் பார்த்தபடி அப்படியே நின்றுவிட்டார். கூப்பிட்டேன், கேட்கவில்லை. எனக்கு இரண்டு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கவேண்டும். கமராவைத் தெரியாத ஆட்களிடம் கொடுக்கக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தா. தெரியாத இடத்தில் உதவி வேண்டுமென்றால் யாரிடம் கேட்பது என்று மொன்றியல் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்திருந்தார்கள். கமராவை அவர் கழுத்திலிருந்து மெதுவாகக் கழற்றி எடுத்துக்கொண்டு, நேராகப் பொலிஸ்காரரிடம் போனேன்.

நான் வாய் திறந்ததும் அவர் சிரித்துவிட்டார். எங்கள் கெபெக் மாகாணத்துப் பிரெஞ்சு அவர்கள் காதுக்கு வேடிக்கையாம். கனடாவா என்று கேட்டார். சிவப்புச் சட்டையைக் காட்டி, நீயும் அப்பாவும் சுற்றிப் பார்க்க வந்தீர்களா என்றார். அப்பா இல்லை, அவர் என் அம்மாவின் தங்கையின் புருஷன், அவர் கனடா இல்லை, இங்கேதான் இருக்கிறார், என்று திருத்தத்தான் நினைத்தேன். அவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் வெயில் போய்விடும் போலிருந்தது. ஆம் என்று தலையாட்டிவிட்டேன்.

சித்தப்பா தலையைக் கீழே இறக்கியபோது, துவக்குக்காரரும் நானும் அவரை நோக்கி வந்துகொண்டிருந்தோம். அவர் ஓடவில்லை. என் பக்கத்தில் வந்து தோளில் கையை வைத்தார். கை கல்லாய்க் கனத்தது. சிரிக்கச் சொன்னார் பொலிஸ்காரர், சிரித்தார். கமராவைத் திருப்பித் தந்து, நல்லபடி சுற்றிப் பாருங்கள் என்று வாழ்த்தியவருக்குச் சித்தப்பா தெளிவான பள்ளிக்கூட இங்கிலீசில், "தாங்க் யூ வெரி மச், சேர்" என்றார்.

"உங்களுக்குப் பிரெஞ்சு தெரியுமெல்லே? ஏன் இங்கிலீசிலை சொன்னனீங்கள்?"

"கனடாக்காரனெல்லோ பிள்ளை."

பக்கத்து மர வாங்கில் போய் இருந்தார். தண்ணீர்ப் போத்தலின் மூடியை அவரால் திறக்க முடியவில்லை; நான் திறந்து கொடுத்தேன். குடித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, எதற்கென்று தெரியாமலே. கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவதாகத்தான் சின்னம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம்.

"எழும்பு. மேலை ஏறுவம்" என்றார்.

உச்சியில் காற்று தலைமயிரைப் பிய்த்தது. நான் இரண்டு நிமிஷத்தில் எல்லாம் பார்த்து முடித்து, சாவிக்கொத்து வாங்கித் தரும்படி நச்சரித்தேன். அவரோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நாலு பக்கமும் சுற்றிச் சுற்றி வந்தார். வெள்ளைக் கோயில் தெரியுதெல்லே, அதுக்கு அங்காலைதான் எங்கடை வீடு என்றார். ஆற்றங்கரையில் ஒரு கூரையைக் காட்டி, அதுக்குக் கீழைதான் நான் கோப்பை கழுவிறது என்றார். இரண்டுக்கும் நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தார். பிறகு விரலை எடுத்துவிட்டு, மிச்சத்தையெல்லாம் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய ஊரோ இது?"

"இஞ்சைதானே இருக்கிறியள், பாக்கேல்லையே? நான் மலையிலை ஏறி மொன்றியல் முழுக்கப் பாத்திட்டன்."

"நீ கெட்டிக்காரி" என்றார். "என்னை இண்டைக்குத்தான் ஒராள் கூட்டிக்கொண்டு வந்தது."

பகிடி விடுகிறார் என்று நினைத்தேன். கூட்டிவந்தவர் அவரல்லவா?

நாங்கள் திரும்புகிற அன்று, மிச்சமிருந்த இரண்டு வீட்டுக்காரரும் உட்பட எல்லோரும் வழியனுப்ப வந்துவிட்டார்கள். சொந்தக்காரர் ஒருவரின் வான் வண்டியில் ஆட்கள் முண்டியடித்து ஏறினார்கள். பெட்டிகளை அத்தனை மாடியும் இறக்கிக் கொண்டுவந்தவர் சித்தப்பாதான். தெருக்கதவின் உட்புறத்தோடு நின்றுகொண்டார். வானுக்குள் இன்னும் ஒரு இடம் இருந்தது. எனக்குப் பக்கத்தில் கையை வைத்து அவருக்காகப் பிடித்தும் வைத்திருந்தேன். அவர் வராதது எனக்குக் கோபம். ஒரு முழு நாள் ஒன்றாகச் சுற்றிவிட்டு, கடைசியில் எயார்போட்டுக்கு வரப் பஞ்சிப்பட்டுச் சோம்புகிறாரே என்று நினைத்தேன். இறங்கி ஓடிப்போய், ஏன் வரேல்லை என்று கேட்டேன்.

குனிந்து என் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டு, நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"பெட்டி தூக்கி நாரி பிடிச்சுப் போச்சு பிள்ளை. நான் இதிலை நிண்டே பாக்கிறன், நீ போட்டு வா."