கொல்லிமலை ஏறிய லாரி

நாமக்கல் பக்கம் பள்ளி விளையாட்டு விழா என்றால் மைக் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓடத் தெரியாதவனுக்கு ஓடுகிறவர்களைக் கேலி செய்வது எளிது.

அப்படி ஒரு விழாவில் ஏழாம் வகுப்பு கவிதா மூச்சிரைக்கக் கடைசியாக ஓடி வந்தாள். சின்னதிலிருந்தே அவளுக்கு வீசிங். "லோடு லாரி கொல்லிமலை ஏறுதுங்க, ஓரம் போங்க" என்றேன். மைதானமே சிரித்தது. அவள் அப்பாவும் சிரித்தார்.

ஐந்து வருடம் கழித்து மாவட்டப் போட்டியில் அவள்தான் முதலிடம். மைக்கோடு அவளிடம் ஓடினேன். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"கண்ணு, அன்னிக்கு நான் பண்ணுன கேலிதானே உன்னைய இப்படி ஓட வெச்சுது?"

"இல்லீங்ணா. அதுக்கப்புறம் ரண்டு வருசம் கிரவுண்டுப் பக்கமே போகலீங்க. வீசிங்குக்குப் பாக்கற டாக்டரம்மா சொல்லித்தான் மறுக்கா ஓடுனனுங்க. ஊட்ல எங்கப்பா இன்னமும் லாரின்னுதான் கூப்புடறாரு. அதனால போட்டிக்கு அவரைக் கூப்புடறதில்லீங்க."

ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது. மகளுக்குத் தெரியாமல் வந்து ஓரமாக நின்றிருந்த அவள் அப்பா, தலைகுனிந்து கேட்டைத் தாண்டிப் போனார். அவரைப் பார்த்தது நான் மட்டும்தான்.

இப்போதெல்லாம் விழாக்களில் பெயர்களை மட்டும் வாசிக்கிறேன். முன்போல சுவை இல்லை என்கிறார்கள்.