விலகுபவனுக்கு ஓர் அடி

யார் எதைச் சொன்னாலும் அதன் கடைசிச் சொல்லை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பது அத்தானின் வழக்கம். "தண்ணி நின்னுடுச்சு" என்றால் "நின்னுடுச்சு..." என்பார். "பஸ் இன்னிக்கு லேட்டு" என்றால் "லேட்டு..." குழம்பில் உப்புப் பார்ப்பதுபோல நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் பதில் வரும். கல்யாணமான புதிதில் அக்கா இதைப் பாசம் என்று நினைத்தாள். நான் பேசுவதை ஒருத்தர் இவ்வளவு கவனமாகக் கேட்கிறாரே என்று என்னிடம் சொல்லிப் பூரித்துப் போனாள். அவர் சொல்லைத்தான் கேட்கிறார், சொன்னவளைக் கேட்பதில்லை என்று தெரிந்துகொள்ள அவளுக்குச் சில வருடங்கள் பிடித்தன.

அத்தானுக்கு மூக்குக் கண்ணாடிக் கடை. அவருடைய அப்பா வைத்தது. முன்பக்கம் கண்ணாடிப் பெட்டிகளில் பிரேம்கள், சுவரில் பெரிதிலிருந்து சிறிதாகப் போகும் எழுத்து அட்டை. பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரம். அதிலிருந்து தெறிக்கும் வெள்ளைச் சேறு காய்ந்து தரையெல்லாம் மாவாகக் கிடக்கும். நான் எட்டாவதோடு நின்றவள். அக்கா வீட்டோடு வந்த நாளிலிருந்து அந்தப் பின்னறையில்தான் லென்ஸ் துடைக்கிறேன். வாடிக்கையாளர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஷரத்து. ஒருவர் வாங்கிய மறுநாளே கண்ணாடியின் மேல் உட்கார்ந்துவிட்டு, உடைந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னீர்களே என்று வந்து நின்றார். அத்தான் "தருவதாக..." என்று சொல்லிப் பார்த்துவிட்டு, "உடைஞ்சா மாத்தித் தருவேன். இது உடையல, நசுங்கியிருக்கு" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்ததில்லை. அதை அவரிடம் சொன்னதும் இல்லை.

கல்லூரிக்கு அவர் ஒன்றரை வருடம் போனார். அங்கே படித்தது என்னவோ தெரியாது, கொண்டுவந்தது ஓர் ஆட்டம். விடுதியில் யாரோ வைத்திருந்த ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துத் தன் கையாலேயே தமிழில் எழுதிக்கொண்டு வந்தார். புத்தகத்துக்காரன் எங்கோ போய்விட்டான். அத்தானின் தமிழ் மட்டும் மிஞ்சியது.

ஆட்டம் இதுதான். ஒவ்வொருவரும் ஓர் ஆளைக் கற்பனை செய்து, அந்த ஆளின் பலம், வேகம், கவசம், உயிர்ப்புள்ளி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நடுவர் கதை சொல்வார். குகைக்குள் போகிறீர்கள், எதிரே பூதம் நிற்கிறது என்பார். என்ன செய்கிறாய் என்பதை நீ சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பகடையும் சொல்லாத இடத்தில் விதி சொல்லும். ஆள் செத்தால் செத்ததுதான். நடுவர் தாளை வாங்கிக் கிழித்துவிடுவார். நடுவர் என்றைக்கும் அத்தான்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கடையை மூடிவிட்டுப் பின்னறை மேசையில் உட்காருவார்கள். அத்தானோடு பள்ளியில் படித்த வெல்டர் வருவார்; அவருடைய ஆள் இரும்பன், கோடாலிக்காரன். எதிர்ச்சாரியில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாள் வருவார். அவருடைய ஆள் மந்திரக்கிழவி. அக்காவின் ஆள் நரிச்சி. பூட்டு திறப்பவள், திருடி, யாருக்கும் தலை வணங்காதவள். உடைந்த கண்ணாடிகளிலிருந்து கழற்றிய மூக்குத் தாங்கிகள்தான் காய்கள். நரிச்சி சிவப்பு.

வீட்டில் அக்கா ஒன்று சொன்னால் அத்தான் அதன் வாலைப் பிடித்துத் திருகுவார். "கொஞ்சம் சீக்கிரம் வாங்க" என்றால் கொஞ்சம் என்றால் எவ்வளவு என்பார். போகப் போக அவள் பேசுவதையே குறைத்துக்கொண்டாள். மேசைக்கு வந்தால் மட்டும் நரிச்சி பேசினாள். அரசனைக் கேலி செய்தாள், பூதத்தோடு பேரம் பேசினாள், நடுவரையே மடக்கினாள். நரிச்சி சொன்னால் அத்தான் கேட்டாக வேண்டும், விதி அப்படி. அக்கா சத்தமாகச் சிரிப்பதை நான் அந்த மேசையில்தான் கேட்டிருக்கிறேன். நரிச்சி போனால் அவளுக்கு வேறு வாய் கிடையாது.

அன்று அவர்கள் ஒரு பாழடைந்த கோட்டைக்குள் இருந்தார்கள். கல்பூதம் ஒன்று நரிச்சியை ஒட்டி நின்றது. அவளுக்கு இரண்டே உயிர்ப்புள்ளி மிச்சம். பின்னால் வாசல்.

"நரிச்சி விலகுறா. ஓரடி பின்னால, வாசலுக்கு" என்றாள் அக்கா.

"வாசலுக்கு..." என்று முணுமுணுத்துவிட்டு, சிவப்புக் காயை நகர்த்த அத்தான் கை நீட்டினார். நீட்டியதை நான் பார்த்தேன்.

"நில்லு, நில்லு" என்றார் வெல்டர். "டேய் ஷரத்து, என்ன நைசாத் தூக்கி வைக்கிற? விதியைப் படிடா."

அத்தான் படித்தார். "பக்கத்து எதிரியை விட்டு விலகுபவனுக்கு ஓர் அடி உண்டு."

"உண்டுல்ல? அப்ப பூதம் ஒண்ணு விடணும்."

"அது அந்த அடி இல்லண்ணே" என்றாள் அக்கா. "ஓரடி எடுத்து வைக்கலாம்னு அர்த்தம்."

"விலகுபவனுக்குன்னுதான் இருக்கு. நரிச்சி பொம்பளை. அவளுக்கு ரெண்டு அடியும் கிடையாது" என்றார் மருந்துக்கடை அம்மாள்.

"அவன் என்பது அவளையும் குறிக்கும். முன்னுரையிலேயே போட்டிருக்கேன்" என்றார் அத்தான், சிரிக்காமல்.

"எழுதினவர் இங்கதான் உக்காந்திருக்காரு. என்ன அர்த்தத்துல எழுதினாருன்னு அவரையே கேளுங்க" என்றாள் அக்கா.

"எங்க கடைக்கு வர்ற மருந்துச் சீட்டு மாதிரிதான் இதுவும். எழுதினவருக்கும் புரியாது, வாங்குறவனுக்கும் புரியாது."

உண்மை அதுதான். இத்தனை வருடத்தில் அந்த விதி இரண்டு விதமாகவும் நடந்திருக்கிறது. ஆட்டத்தின் வேகத்தில் யாரும் நின்று பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் என்ன இருந்தது என்று அத்தானுக்கும் நினைவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "உண்டு... உண்டு..." என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். கை இன்னும் சிவப்புக் காயின் பக்கத்திலேயே இருந்தது.

"விடுங்க, எனக்குப் புரிஞ்சிருச்சு" என்றார் வெல்டர். "வீட்டுக்காரம்மா நகர்ந்தா அடின்னா நடை. நாங்க நகர்ந்தா அடின்னா உதை. பாவம், ராத்திரி அவனுக்குச் சோறு வேணுமில்ல?"

மருந்துக்கடை அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அத்தானின் காது மடல் சிவந்தது. கையை இழுத்துக்கொண்டார்.

"அடின்னா வெட்டு" என்றார். பகடையை எடுத்தார்.

"ஏங்க, இப்ப நகர்த்தக் கை நீட்டினீங்க."

"காயைச் சரி பண்ண நீட்டினேன்."

"பொய்."

"இங்க நான் உன் புருஷன் இல்ல. நடுவர்."

"வித்தியாசம் தெரியலையே. ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சியா இருக்கு."

பகடை உருண்டது. நரிச்சியின் கவசத்தைத் துளைக்கப் பதினான்கு போதும். பதினேழு விழுந்தது.

"செத்துட்டா. தாளைக் குடு."

அக்கா தாளின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். "குடுக்கிறேன். அதுக்கு முன்னாடி நடுவர் எனக்கு ஒரு விளக்கம் சொல்லணும். இந்த விதி எப்பவுமே வெட்டுதானா, இல்ல இப்பதான் வெட்டாச்சா?"

"எப்பவுமே வெட்டுதான்."

"எப்பவுமேன்னா தொங்குபாலத்துல இரும்பன் செத்துட்டான்."

பாலத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். பாம்பு மனிதர்களிடமிருந்து கடைசி உயிர்ப்புள்ளியோடு இரும்பன் ஓரடி பின்வாங்கினான். அத்தானே அவன் காயை நகர்த்தி வைத்தார். யாரும் வெட்டவில்லை.

"ஏம்மா, அது எப்பவோ நடந்தது. அதைப் போய் இப்ப எதுக்கு இழுக்கிற?" என்றார் வெல்டர்.

"இழுத்து விட்டது நீங்கண்ணே. உங்க இரும்பன் செத்து வருஷமாச்சு. இத்தனை நாளா ஒரு பிணத்துக்குத்தான் நான் பூட்டுத் திறந்து விட்டிருக்கேன்."

"அடக் கடவுளே" என்றார் மருந்துக்கடை அம்மாள். "போன மாசம் என் மந்திரக்கிழவி கட்டிக்கிட்டது பிணத்தையா?"

வெல்டருக்கு முகம் மாறிவிட்டது. "டேய், நான் சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்டா. நடைன்னே வச்சுக்க. யாருக்கும் நட்டமில்ல."

அங்கேயே முடிந்திருக்கும். ஒரு வார்த்தை சொன்னால் போதும். வழி, மானம் இரண்டையும் வெல்டரே கொடுத்துவிட்டார். அத்தான் வாங்கிக்கொள்ளவில்லை.

"விளையாட்டுக்கா? விதியில உனக்கு என்னடா விளையாட்டு? இன்னிலேருந்து அடின்னா வெட்டு. பழசெல்லாம் பழசாவே இருக்கட்டும்."

"இன்னிக்கு எப்பலேருந்து?" என்றாள் அக்கா. "நான் நகர்ந்தப்ப அது நடையாத்தான் இருந்துச்சு. நகர்ந்த பிறகுதான் மாத்துனீங்க."

"நீ நகர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிலேருந்து."

"நல்லாத்தான் குறி பார்த்து எழுதுறாரு" என்றார் மருந்துக்கடை அம்மாள். இந்த முறை அவரும் சிரிக்கவில்லை.

அத்தான் எழுந்து அக்காவின் கைக்கு அடியிலிருந்து தாளை உருவினார். நான்காகக் கிழித்தார். தேய்க்கும் இயந்திரத்தின் அழுக்கு நீர் வாளியில் போட்டார். அவ்வளவு வருடத்து எழுத்து. பென்சிலில் எழுதி அழித்து எழுதி மெலிந்துபோன தாள். உடனே ஊறிவிட்டது.

அக்கா அழவில்லை. தன் பகடைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "சரிங்க. உங்க மேசையில அவ செத்துட்டா" என்றாள். பிறகு வெல்டரைப் பார்த்து, "அண்ணே, உங்க பட்டறையில மேசை இருக்கா?" என்றாள்.

வெல்டர் அத்தானைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "மேசை இல்லம்மா. இரும்புத் தகடு இருக்கு" என்றார்.

அடுத்த ஞாயிறு மருந்துக்கடை அம்மாளும் நானும் சேர்ந்து நால்வராக அந்தத் தகட்டைச் சுற்றி உட்கார்ந்தோம். அக்கா நடுவர். முதல் வேலையாக அந்த விதியை எழுதினாள்: "விலகுபவர் ஓர் எட்டு பின்னால் வைக்கலாம்." வெல்டர் படித்துவிட்டு, "ஒண்ணா எட்டாம்மா? தெளிவாச் சொல்லு, எனக்கு ஏற்கெனவே ஒரு தடவை உயிர் போயிருக்கு" என்றார். அக்கா அதை அடித்துவிட்டு, "ஒரு கட்டம் நகரலாம், எதிரி தாக்க முடியாது" என்று எழுதினாள். நரிச்சியின் புதுத் தாளையும் நினைவிலிருந்தே எழுதினாள். நடுவர் தனக்கென்று ஓர் ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதால் தாளை என் முன்னால் தள்ளினாள். "நீதான் அவ. பேசு" என்றாள். அன்று நான் பேசியது இரண்டு வாக்கியம் இருக்கும்.

அத்தானும் திருத்தினார். தன் விதிகளில் 'அடி' வரும் இடத்தில் எல்லாம் 'வெட்டு' என்று மாற்றினார். பிறகு 'வெட்டு' என்றால் குழி வெட்டுவதா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று அதற்கும் ஓர் அடைப்புக்குறி போட்டார். ஒரு நாள் என்னிடம் வந்து, "நீயாவது ஞாயித்துக்கெழமை உக்காரேன். ஒருத்தர் இருந்தாப் போதும், நடத்தலாம்" என்றார். லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல், வேலை இருக்கிறது என்று சொன்னேன். "இருக்கு..." என்று சொல்லிக்கொண்டே போனார்.

வெல்டர் இப்போது கடைக்கு வருவதில்லை. பார்வை மங்கிய பிறகும் வேறு கடையில் போய்க் கண்ணாடி வாங்கினார். ஞாயிறு மதியம் அத்தான் பின்னறையில் தனியாக விதி எழுதுகிறார். பட்டறையில் நாங்கள் நால்வரும் ஆடுகிறோம். அண்மையில் வெல்டரின் மனைவியும் சேர்ந்திருக்கிறார். அக்காவும் அத்தானும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். கடை விஷயம் பேசிக்கொள்கிறார்கள். ஆட்டத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை.