மாஸ்டர் ரெக்கார்டு

பல்கலைக்கழகத்தில் எனக்குத் தரப் பிரிவு அதிகாரி என்று பெயர். எங்கள் பட்டப்படிப்புகளை ஒப்பந்தம் போட்டு நடத்தும் வெளியூர்க் கல்லூரிகளுக்குப் போய், பாடம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். பார்ப்பதற்கு முன்பே தோளில் சால்வை விழுந்துவிடும். ஓசூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்குக் கொடுத்த ரோஜாக் கொத்து, அவர்களுடைய ஆய்வகத்தில் இருந்த எந்தப் பொருளையும்விடப் புதிது.

வேதியியல் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளை மேசையில் அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்தேன். தண்ணீரில் எவ்வளவு ஆக்சிஜன் கரைந்திருக்கிறது என்று அளக்கும் சோதனை. தண்ணீர் எடுத்த இடம் கெலவரப்பள்ளி அணை, அளவு ஏழு புள்ளி இரண்டு. அதாவது நல்ல தண்ணீர். அடுத்த நோட்டிலும் ஏழு புள்ளி இரண்டு. அதற்கடுத்ததிலும். மதகில் நுரை மலைமலையாகப் பொங்கி வரும் அணை அது. மூக்கைப் பிடிக்காமல் பக்கத்தில் நிற்க முடியாது. இன்னொரு வேடிக்கை, பார்த்த நோட்டிலெல்லாம் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் ‘படம் தெளிவாக இல்லை’ என்று இருந்தது. படங்களோ பளிச்சென்று இருந்தன. என்றைக்கோ யாருக்கோ ஆசிரியர் எழுதிய குறையையும் சேர்த்துக் காப்பி அடித்திருக்கிறார்கள். அதற்கும் முழு மார்க் விழுந்திருந்தது.

துறை ஒருங்கிணைப்பாளரைக் கேட்டேன். மனிதர் கொஞ்சமாவது கூச வேண்டுமே! பீரோவைத் திறந்து, அட்டை போட்ட பழைய நோட்டு ஒன்றைப் பத்திரமாக எடுத்து வந்தார்.

“இதுதாங்க மேடம் மாஸ்டர் ரெக்கார்டு. மொத பேட்ச் பொண்ணு எழுதுனது. எழுத்து முத்து முத்தா இருக்குது பாருங்க. வருசா வருசம் இதப் பாத்துத்தான் எல்லாரும் எழுதறாங்க. ஒரே மாதிரி இருந்தாத்தானுங்களே குவாலிட்டி?”

சுற்றிலும் தொழிற்சாலைகள். ஒரே அச்சில் ஆயிரம் போல்ட் வந்தால் அங்கே அது தரம்தான். இவர் பிள்ளைகளையும் போல்ட் கணக்கில் சேர்த்துவிட்டார்.

அடுக்கில் கடைசியாக இருந்த நோட்டில் மட்டும் அந்தச் சோதனையின் மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. ‘ரீடிங் தவறு’. அதில் எழுதியிருந்த அளவு, மற்றவர்கள் எழுதியதில் கால்வாசிகூட இல்லை. ‘தண்ணீரில் நுரை, சாக்கடை வாடை’ என்றும் ஒரு குறிப்பு. அந்தப் பெண்ணைக் கூப்பிடச் சொன்னேன். அணைக்குக் கீழே கால்வாய்ப் பாசனத்தில் கீரை போடும் குடும்பம் அவளுடையது.

“நானே தண்ணி மொண்டு வந்து டெஸ்ட் பண்ணுனனுங்க மேடம். வந்தத எழுதுனேன். இன்டர்னல்ல பெயில் போட்டுட்டாங்க. கம்பெனியில வேல கெடச்சிருக்குதுங்க. அரியர் இருந்தா சேத்துக்க மாட்டாங்களாம்.”

மறுநாள் காலையில் அவளோடு, அவள் தண்ணீர் மொண்ட அணைக் கால்வாய்க்குப் போனேன். காற்றில் நுரை பிய்ந்து கேழ்வரகுக் கொல்லையில் விழுந்துகொண்டிருந்தது. அவள் பாட்டிலை முக்கி எடுத்து, குமிழி நுழையாமல் அங்கேயே சோதனை மருந்து விட்டு மூடினாள். நான் பாட்டிலை மோந்து பார்த்தேன். அதே சாக்கடை வாடை. ஆய்வகத்தில் என் கண்முன்னே மீதிச் சோதனையைச் செய்தாள். நல்ல தண்ணீரென்றால் சோதனையில் ஏறும் நீல நிறம் போக வெகுநேரம் சொட்டுவிட வேண்டும்; இதில் நாலைந்து சொட்டிலேயே போய்விட்டது. அவள் எழுதியதுதான் சரி. அந்தக் கட்டடத்திலேயே வேதியியல் தெரிந்த ஒரே ஆள், வேதியியலில் பெயில்.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினேன். மாஸ்டர் ரெக்கார்டைப் பறிமுதல் செய்ய வேண்டும், எல்லோருக்கும் செய்முறைத் தேர்வை மறுபடி நடத்த வேண்டும், அந்தப் பெண்ணுக்கு உரிய மார்க் தர வேண்டும் என்று கேட்டிருந்தேன். தரக் குழுவின் தலைவர், பெரிய பேராசிரியர், படித்துவிட்டுச் சிரித்தார்.

“மூட்டைப்பூச்சிக்குப் பயந்து யாராவது வீட்டைக் கொளுத்துவாங்களாம்மா? மறுதேர்வுன்னா அத்தனை பேர் ரிசல்ட்டும் நிக்கும். அந்தப் பொண்ணோட வேலையும் சேர்ந்துதான் போகும். ஒரு நோட்டுதானே ஒத்துப் போகல? அதைத் திருத்தி எழுதி வைக்கச் சொல்லுங்க, பாஸ் போட்டுடுவாங்க.”

வாதாடினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஒரே ஒரு தடவை, “இல்ல சார்…” என்றேன். டீ வந்தது. குடித்தேன்.

அவளுக்கு நானே போன் செய்தேன். அந்த ஒரு சோதனையை மட்டும் புதுத் தாளில் எழுதிக் கொடுத்துவிடும்படி சொன்னேன்.

“எந்த ரீடிங் மேடம் எழுதறது?”

“ஏழு புள்ளி இரண்டு.”

“நீங்கதானுங்களே மேடம் மோந்து பாத்தீங்க.”

“வேலை போயிடும்மா. எழுதிக் குடுத்துடு.”

கோபமே இல்லாமல், பாடத்தில் சந்தேகம் கேட்பதைப் போலக் கேட்டாள்.

“கம்பெனியில என்னையப் போட்டிருக்கறதே கழிவுத்தண்ணி டெஸ்ட் பண்ற லேபுலதானுங்க மேடம். அங்கயும் இப்பிடித்தான் எழுதோணுங்களா?”

“அதெல்லாம் அங்க சொல்லித் தருவாங்க” என்றேன்.

அவள் பாஸாகிவிட்டாள். கோப்பில் ‘குறை நிவர்த்தி செய்யப்பட்டது’ என்ற கட்டத்தில் என் கையெழுத்து இருக்கிறது. சீச்சீ, நானெல்லாம் ஒரு தர அதிகாரி.