மூன்று ஆட்டம் நின்றால் கீப்பர்

ஓசூரில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு ஒரு கிரிக்கெட் அணி இருந்தது. தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்த எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும் என்று யாரோ சொல்லப்போய், ஸ்கோர் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்களோடு மைதானத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்று வீட்டில் முதலில் முணுமுணுத்தார்கள். பிறகு அவர்களே, "இன்னைக்கு ஜெயிச்சீங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, மழை பிடித்துக்கொண்டது. ஆட்டம் இல்லை. கேன்டீனில் டீ குடித்தபடி டூல் ரூம் ஃபிட்டர் ஒரு யோசனை சொன்னார். அவர் குருபரப்பள்ளிக்காரர், சும்மா இருக்கத் தெரியாதவர். பத்து வருடத்தில் நம் கம்பெனித் தொப்பி போட்டு ஆடிய எல்லோரிலிருந்தும் இரண்டு பேர் ஆளுக்கொரு அணி பொறுக்க வேண்டும். ஒருத்தர் மாற்றி ஒருத்தர். வேலையை விட்டுப் போனவர்களையும் எடுக்கலாம். எதிரணிக்குத் தலைவராக ஸ்டோர்ஸ் குமாஸ்தா வந்தார், திருநெல்வேலிக்காரர்.

எடுத்த எடுப்பிலேயே சண்டை. ஒருவரை விக்கெட் கீப்பர் என்று எடுக்க, அவர் எத்தனை ஆட்டத்தில் அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டும்? ஒன்று போதும் என்றார் ஃபிட்டர். அஞ்சு ஆட்டமாவது வேணும் என்றார் குமாஸ்தா. கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். ஸ்கோர் புத்தகங்கள் என்னிடம்தானே இருந்தன.

"மூணு," என்றேன்.

"அதென்ன கணக்கு மேடம்?"

"முதல் ஆட்டம் வேற ஆள் இல்லாம நிப்பாங்க. ரெண்டாவது, கேட்டுட்டாங்களேன்னு நிப்பாங்க. மூணாவதும் நின்னா, அவங்களுக்கே பிடிச்சுப்போச்சுன்னு அர்த்தம்."

கேன்டீனே சிரித்தது. தீர்ப்பு நிலைத்தது.

குமாஸ்தா உடனே வேலையைக் காட்டினார். எங்களிடம் இருந்தது இரண்டே கீப்பர்கள். ஒருவரைக் கீப்பராக எடுத்தார். இன்னொருவர் தொடக்க ஆட்டக்காரராகவும் பல முறை இறங்கியவர், அவரை அந்தப் பெயரில் எடுத்துக்கொண்டார். ஃபிட்டருக்குக் கீப்பரே இல்லை. தலையைச் சொறிந்தார். திடீரென்று, "நம்ம பஸ் டிரைவர்!" என்றார்.

"அவரு வண்டி ஓட்டுத ஆளுல்லா?" என்றார் குமாஸ்தா.

ஆள் குறைந்த நாட்களில் டிரைவர் களமிறங்கியது எனக்கும் ஞாபகம் இருந்தது. பீரோவிலிருந்து புத்தகங்களை எடுத்துவந்து புரட்டினேன். கிருஷ்ணகிரியில் ஓர் ஆட்டம், கீப்பர். குந்தாரப்பள்ளியில் ஒன்று, கீப்பர். அதற்கு மேல் எத்தனை முறை புரட்டியும் இல்லை. ஃபிட்டரின் முகம் தொங்கிவிட்டது. எனக்கே என் சட்டத்தின் மேல் கோபம் வந்தது.

"ஆளையே கேட்டுப்பார்த்தா என்ன?" என்றார் டீ ஊற்றுகிறவர்.

பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவரைக் குடை பிடித்து அழைத்துவந்தோம். அத்திப்பள்ளிக்காரர், வீட்டில் கன்னடம். விஷயத்தைச் சொன்னதும் கண் விரிந்தது. "ஹௌதா? நானு டீம்லயா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு விரல் விட்டு எண்ணி, "மூணு மேட்ச், மேடம்," என்றார்.

"மூணாவது எங்க?"

"சூளகிரில. உங்க தங்கச்சி கல்யாணம்னு நீங்க வரலை." உதட்டைத் தூக்கி முன்பல்லைக் காட்டினார். பாதி இல்லை. "கார்க் பால். இந்தப் பல்லு அன்னைக்குத்தான் போச்சு."

அந்த ஆட்டத்தை வேறு யாரோ எழுதியிருந்தார்கள். ரன்கள் மட்டும்தான் இருந்தன. யார் எங்கே நின்றார்கள் என்று ஒரு வரி இல்லை. சாட்சிக்கு எங்கே போவது?

குமாஸ்தா டீ கிளாஸைக் கீழே வைத்தார். "அந்தப் பந்தைப் போட்டதே நாந்தான் மேடம்," என்றார். "ரத்தம் துடைக்க என் கைக்குட்டையைத்தான் குடுத்தேன். மூணு சரிதான். எழுதிக்கிடுங்க."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் அணி அங்கேயே ஜெயித்திருக்கும். ஃபிட்டர் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார். அடுத்த டீ ஃபிட்டர் செலவு.

காகிதத்தில் அணி போட்டதோடு யாருக்கும் மனசு ஆறவில்லை. அடுத்த மாதமே நிஜமாக ஆடினோம். வேலையை விட்டு போச்சம்பள்ளிப் பக்கம் போனவர்கள்கூடத் தொப்பையோடு வந்து சேர்ந்தார்கள். டிரைவரின் மனைவியும் இரண்டு பெண்களும் எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வந்து எல்லைக்கோட்டருகே உட்கார்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் கன்னடத்தில் கத்தினார்கள். அவர் கைக்குத் தப்பி ‘பை’ கணக்கில் மட்டும் பதினான்கு ஓட்டம் போனது. ஒரே ஒரு கேட்ச், பக்கவாட்டில் விழுந்து பிடித்தார். பிடித்தவர் எழுந்திருக்கவே இல்லை, பயந்துபோய் ஓடினோம். மண்ணில் படுத்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

ஃபிட்டர் அணி தோற்றது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் நாங்களெல்லாம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டோம். டிரைவர் வரக்காணோம். அந்தக் கேட்சை எப்படிப் பிடித்தார் என்று மைதான நடுவில் தன் பெண்களுக்கு மறுபடி மறுபடி விழுந்து காட்டிக்கொண்டிருந்தார். குமாஸ்தா ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார்.