ஒரு தடவைதான் அடித்தது

காலை ஷிப்டில் பத்தரை மணிக்கு இசக்கியின் பிரஸ் ஓர் அடி கூடுதலாக அடித்தது.

ஒரகடத்தில் கார் கதவுக்குக் கொண்டி அடிக்கும் கம்பெனி அது. தகட்டை வைத்து, இரு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால், மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடி அடித்துவிட்டு ஏறிக்கொள்ளும். பிறகு கையை உள்ளே விட்டுப் பீஸை எடுக்க வேண்டும். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து, குன்றத்தூரில் மூன்று பெண்களோடு அறை எடுத்திருக்கும் இசக்கி நான்கு வருடமாக இதைத்தான் செய்துவருகிறாள். வைப்பாள், அமுக்குவாள், எடுப்பாள்; கூடவே பக்கத்து மெஷின் கவியாவிடம் வாயும் அடிப்பாள். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு முறை செய்வதைக் கை நினைத்துப் பார்ப்பதில்லை.

அன்று ஏறிய அச்சு, யாரும் அமுக்காமலே மறுபடி இறங்கிவிட்டது. கவியா சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டிருந்ததால் இசக்கியின் கை உள்ளே போகத் தாமதமானது. அவ்வளவுதான்.

மெஷினை நிறுத்திவிட்டு சூப்பர்வைசர் சாம்சனைக் கூப்பிட்டாள்.

"அடிச்சிக்கினே இருந்துச்சா, ஒரு தபா அடிச்சிச்சா?"

"ஒரு தடவதான் அண்ணே."

"அப்ப இன்னா? மனுசனுக்கு விக்கல் வர்றதில்ல?"

அவரே நின்று, இடுக்கியால் பீஸை எடுத்தபடி ஐம்பது ஓட்டினார். ஐம்பதும் ஒழுங்கு. நோட்டில் எழுதினார்: 'ஒருமுறை இரட்டை அடி. இப்போது சரி.' ஆபரேட்டர் கையெழுத்துப் போட்டால்தான் மறுபடி ஓட்ட முடியும். இசக்கி பேனாவை வாங்கவில்லை.

அவர் சொல்வது அவளுக்கும் விளங்கத்தான் செய்தது. அடிக்கடி நடப்பது வேறு, ஒருமுறை நடந்துவிட்டது வேறு. மெஷினுக்கு அது பொருந்தும். அடித்ததை மறந்து அடுத்ததை அடிக்கும். விரல் அப்படியல்ல. ஒருமுறை போய்விட்டால், தினமும் இல்லாமல் இருந்துகொண்டே இருக்கும்.

"போடும்மா. லைன் நிக்குது."

"போடுதேன். அதுக்கு முன்ன இடுக்கிய வச்சிட்டு, நீங்க வெறுங்கையால அம்பது எடுத்துக் காட்டுங்க. நான் இங்கனயே நிக்கேன்."

"வாய் ஜாஸ்தி உனக்கு," என்றார் சாம்சன். ஆனால் கை பாக்கெட்டுக்குள் போய்விட்டது. பிறகு மெயின்டெனன்ஸ் ரகுபதிக்குப் போன் போட்டார்.

ரகுபதி மூடியைக் கழற்றி, அச்சை மேலே பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கை வெளியே எடுத்தார்; முறிந்திருந்தது. "ஒரு நேரம் புடிக்கும், ஒரு நேரம் விட்டுடும். எப்போன்னு அதுக்கே தெரியாது சார். வேற மாத்துற வரைக்கும் ஓட்டாதீங்க."

சாம்சன் 'இப்போது சரி'யைக் கோடு போட்டு அடித்துவிட்டு 'ஓட்டக் கூடாது' என்று எழுதினார். அதன் கீழே இசக்கி கையெழுத்துப் போட்டாள். அவளைப் பேக்கிங் மேசைக்கு மாற்றினார்கள்.

"உன்னால இன்னிக்கு அறுநூறு பீஸ் போச்சு, தெரியுமா?"

"நீங்க அறுநூற எண்ணுங்கண்ணே. எனக்குப் பத்துதான்," என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுப் போனாள்.