மஞ்சள் பொட்டுத் தட்டிகள்

வில்லியனூர்ப் பக்கம் பந்தல் போட நாலு பேர் இருந்தார்கள். மணியம்மாளைக் கேட்டால் ஒருவன்தான் என்பாள்: அவள் தம்பி பக்கிரி. மற்றவர்கள் கீற்றை அந்தந்த வாசலில் அளந்து வெட்டிக் கட்டுவார்கள். பக்கிரியோ மூங்கில் சட்டம் வைத்து எல்லாவற்றையும் ஆறு முழத் தட்டியாகவே பின்னி வைத்திருந்தான். எந்தத் தட்டியும் எந்தத் தட்டியோடும் சேரும். கட்டினால் பந்தல், அவிழ்த்தால் அடுக்கு.

அந்த அடுக்குக்குக் காவல் மணியம்மாள். கல்யாணத் தட்டிக்கு மூலையில் மஞ்சள் பொட்டு; எழவு வீட்டுத் தட்டிக்குக் கரிக்கோடு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் கொட்டகையில் ஆளுக்கொரு பக்கம். இரண்டும் கலந்துவிட்டது என்று பேச்சு வந்தால் அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த ஐப்பசியில் சங்கராபரணி ஆறு கரை மீறி, உறுவையாறு கிராமத்தில் பன்னிரண்டு கூலிக்காரக் குடும்பங்களின் மண்சுவர்களைக் கரைத்துவிட்டது. சனங்கள் மேட்டு ரோட்டில், புளியமரத்தடியில் கிடந்தார்கள். சுவர் எழுப்ப இரண்டு மாசம் ஆகும் என்று கொத்தனார் கையை விரிக்க, கொம்யூன் தலைவரான மேர், அதுவரை தங்கக் குடிசை போட்டுத் தரச் சொல்லி பக்கிரிக்கு ஆள் அனுப்பினார்.

"பொழுது சாயறதுக்குள்ள போட்டுடலாங்க," என்றான் பக்கிரி.

மேர் நம்பவில்லை. மணியம்மாள் வீட்டில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். மூன்று பக்கத்துக்கு மூன்று தட்டி, கூரைக்கு இரண்டு, வாசலுக்கு அரை. முடிந்தது ஒரு வீடு! தையில் கரும்புத் தோட்டக்காரர் தணிகைவேல் வீட்டுக் கல்யாணம் வேறு இருந்தது. மஞ்சள் பொட்டு அதற்கு வேண்டும் என்று கரிக்கோட்டு அடுக்கை வண்டியில் ஏற்றச் சொல்லி, தானும் கூடவே போனாள்.

முதல் குடிசை உச்சிப்பொழுதுக்கு முன்பே நின்றுவிட்டது. நிறைமாத மருமகளைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்த வேலம்மாள், வாசலில் சட்டென்று நின்றாள்.

"இன்னாடி மணியம்மா, மூலையில கரி? சாவுத் தட்டிதான இது?"

"மழைக்கு அதெல்லாம் தெரியுமா அத்த? உள்ள போ."

"எனக்குத் தெரியுதே! இவளுக்கு இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குது. எழவுத் தட்டிக்குக் கீழயா புள்ள பொறக்கணும்? நாங்க மரத்தடியிலயே கெடக்கிறோம், போ!"

மற்ற பதினோரு குடும்பமும் எழுந்திருக்கவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு அழகாகக் கோடு போட்டிருக்க வேண்டாம் என்று மணியம்மாளுக்குத் தோன்றியது.

"அக்கா, மஞ்சளத் தொட்டா தணிகைவேல் ஐயா சும்மா வுடுவாரா?" என்றான் பக்கிரி.

"அவரு வூட்டுக் கல்யாணத்துக்கு மூணு மாசம் கெடக்குது. இந்தப் பொண்ணுக்கு மூணு நாழி கெடக்குதான்னு பாரு. வண்டியத் திருப்புடா!"

கரித் தட்டிகளை அவிழ்த்துவிட்டு மஞ்சள் தட்டிகளால் குடிசைகளை எழுப்பினார்கள். பன்னிரண்டாவது வாசலுக்கு அரைத் தட்டியைக் கட்டும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரு சொட்டு உள்ளே ஒழுகவில்லை. மறுநாள் காலை மூன்றாவது குடிசையில் வேலம்மாளின் மருமகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

தை பிறப்பதற்குள் புதுச் சுவர்கள் எழும்பின. தட்டிகளைக் கழுவி, அழிந்த பொட்டுகளைப் புதிதாக வைத்து, வேலம்மாளே ஆட்களோடு கொண்டுவந்து இறக்கினாள். ஆனால் விஷயம் தணிகைவேல் காதுக்கு எட்டியிருந்தது. பக்கிரி வண்டியோடு போய் நின்றதும் அவர் திண்ணையிலிருந்து எழுந்து வந்தார்.

"குடிசைக்குப் போன தட்டியாமே? இதையா எம் வூட்டு வாசல்ல போடப் போற?"

பக்கிரி பின்னால் வந்த அக்காவைத் திரும்பிப் பார்த்தான். மணியம்மாள் முன்னே வந்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது.

"ஆமாங்கய்யா. பன்னெண்டு குடும்பம் குடியிருந்தது. ஒரு சாவு வுழல. ஒரு புள்ள பொறந்துச்சு."

தணிகைவேல் வாயைத் திறப்பதற்குள், கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி கனகாம்பாள் கேட்டாள்:

"புள்ள பொறந்த தட்டி எதுன்னு தெரியுமாடி?"

மணியம்மாளுக்கா தெரியாது?

"அதுக்கு மட்டும் ரெண்டு பொட்டு வச்சிருக்கேம்மா."

"அப்ப அத மணவறைக்கு மேல போடச் சொல்லு."

தணிகைவேல் திண்ணைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். பக்கிரி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு மூங்கிலில் ஏறினான்.

"டேய், அந்த ரெண்டு பொட்டும் கீழ பாத்த மாதிரி இருக்கட்டும்," என்று அக்கா கத்தினாள்.